மாலை மாட்டிய ரேடியேட்டர்

கோடை தொடங்கிவிட்டால் என் கனவில் ஒரு முள் வரும். கடிகார முள் இல்லை, மீன் முள்ளும் இல்லை. என் காரில் எஞ்சினின் சூட்டைக் காட்டும் மீட்டர் முள். கனவில் அது நடுவில் சாதுவாக நிற்கும். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும், பெயர் கூப்பிட்டால் எழுந்திருக்கும் பள்ளிப் பையனைப் போல மெதுவாக வலது பக்கம் கிளம்பும். நான், "உக்காரு, உக்காரு" என்பேன். பக்கத்திலிருந்து மனைவியின் குரல் வரும்: "நான் படுத்துத்தாங்க இருக்கேன். நீங்க தூங்குங்க."

கடலூர் செம்மண்டலத்தில் ஏ.சி. சர்வீஸ் செய்வது என் தொழில். பங்குனி பிறந்ததும் ஊர் முழுக்க என்னைத் தேடும். யார் வீட்டுப் படுக்கையறை எப்படிக் குளிர்கிறது என்பது எனக்குத் தெரிந்த அளவுக்கு அந்த வீட்டுக்காரர்களுக்கே தெரியாது. இப்படி ஊரைக் குளிர வைக்கிறவனிடம் கொதிக்கிற கார் ஒன்று இருப்பது ஊருக்குப் பெரிய ஆறுதல். டீக்கடையில் என்னைக் கண்டால், அடுப்பில் இருக்கும் பாலைக் காட்டி, "என்னா சார், உங்க வண்டி இன்னிக்கிப் பொங்கிடுச்சா?" என்று கேட்பார்கள். பொங்கியிருந்தால் இல்லை என்பேன். பொங்காத நாளில் மட்டும் நீளமாகப் பதில் சொல்வேன்.

அது ஒரு பழைய ஜப்பான் கார். முதல் சொந்தக்காரர் ஊட்டிக்காரர். பனியில் செல்லமாக வளர்ந்த பெண்ணை உப்புக் காற்றிலும் வெயிலிலும் வாழ வா என்று கூட்டி வந்தவன் நான். வந்த பிறகாவது சும்மா விட்டேனா, அதற்கு டர்போ வேறு வைத்தேன். டர்போ என்றால், எஞ்சின் வெளியே தள்ளும் புகையின் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரம் சுழலும். அது எஞ்சினுக்குள் கூடுதலாகக் காற்றைத் திணிக்கும். பந்தியில் 'போதும், போதும்' என்று கையால் மறைக்கிறவர் இலையில் இன்னொரு கரண்டி சோற்றைக் கவிழ்ப்பதைப் போலத்தான். எஞ்சின் அதையும் தின்றுவிட்டு வெறி கொண்டு ஓடும். தின்ற சூடு தீர வேண்டுமே, அதற்காக வியர்த்துக் கொட்டும்.

அந்த வியர்வையைத் துடைப்பதில்தான் என் ஞாயிற்றுக்கிழமைகள் போகின்றன. எஞ்சினைச் சுற்றிவரும் தண்ணீரை ஆற்றும் பழைய ரேடியேட்டரை எடுத்துவிட்டு அதைவிடத் தடிமனான ஒன்றை மாட்டினேன். பின்னால் இரண்டு மின்விசிறிகள். ரேடியேட்டரைச் சுற்றி இருந்த சந்துகளை ஏ.சி. குழாய்க்குச் சுற்றும் கறுப்பு நுரைப் பட்டையால் அடைத்தேன், வருகிற காற்று வேறு எங்கும் ஓடிப் போகாமல் இருக்க. எங்கள் தெரு போர்த் தண்ணீரை ஊற்றினால் உள்ளே உப்பளமே போடலாம் என்பதால், பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரோடு கூலன்ட் கலந்து ஊற்றுவேன். கடற்காற்றில் ரேடியேட்டரின் தகடுகள் உப்புப் பூத்துப் போகாமல் கழுவுவேன். ஏ.சி. காயிலில் நசுங்கிய மெல்லிய தகடுகளை நிமிர்த்த எங்கள் தொழிலில் ஒரு சீப்பு உண்டு. அந்தச் சீப்பை எடுத்துக்கொண்டு காரின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து ரேடியேட்டருக்குத் தலை வாரிவிடுவேன். மனைவி கூடையில் துணியோடு மாடிக்குப் போகிற வழியில் நின்று பார்ப்பாள்.

"என் தலையை ஒருநாளாவது இப்படிப் பொறுமையா வாரிவுட்டிருப்பீங்களா?"

"உனக்கு எங்க சிக்கு வுழுது?" என்பேன். பதில் நன்றாக இருந்ததாக நான் நினைத்துக்கொள்வேன். அன்றைய குழம்பில் தெரிந்துவிடும், இல்லை என்று.

இன்னொரு பழக்கமும் உண்டு. வேகமாக ஓட்டி வந்ததும் டர்போ வண்டியைச் சட்டென்று அணைக்கக் கூடாது. கொஞ்ச நேரம் மெல்லிய உறுமலில் ஓடவிட்டு, எண்ணெய் சுற்றிச் சுற்றி அந்தச் சின்னச் சக்கரத்தை ஆற்றிய பிறகுதான் சாவியைத் திருப்ப வேண்டும். அதனால் வீட்டு வாசலுக்கு வந்த பிறகும் நான் இறங்காமல் உட்கார்ந்திருப்பேன். கண்ணாடிக்கு வெளியே வெயில் நெளியும். வேப்பமர நிழல் பானெட்டின் மேல் தண்ணீரைப் போல ஆடும். நான் ஓட்டி வந்த சாலை இன்னும் என் உடம்புக்குள் ஓடிக்கொண்டிருக்கும். எதிர்வீட்டுப் பெரியவர் இதை வெகுநாள் கவனித்திருக்கிறார். ஒருநாள் வந்து கண்ணாடியைத் தட்டினார். இறக்கினேன். என் தோளில் கை வைத்து, "தம்பி, எல்லா வீட்லயும் இருக்கறதுதான். உள்ள போங்க. சாப்பாட்டு மேல மட்டும் கோவத்தக் காட்டாதீங்க" என்றார். டர்போவை விளக்கலாமா என்று யோசித்தேன். பிறகு, "சரிங்கய்யா" என்று இறங்கிப் போனேன்.

இந்த வண்டியை என்னைவிட அதிகமாக நேசித்த ஆள் ஒருவன் உண்டு. என் மனைவியின் தம்பி. சொந்த ஊர் திட்டக்குடிப் பக்கம். கடலூரில் வேலை கிடைத்ததும் எங்கள் வீட்டு மாடியில் வந்து தங்கினான். உறவு முறையில் எனக்கு மச்சான், ஆனால் எங்கள் இருவரையும் சேர்த்துக் கட்டியது கார்தான். ஞாயிறு அதிகாலை வெயில் ஏறுமுன் சிதம்பரம் வரை ஓட்டிப்போய்க் காபி குடித்துவிட்டுத் திரும்புவோம். ஆலப்பாக்கம் தாண்டினால் சவுக்குத் தோப்புகள் வரும், பிறகு புதுச்சத்திரம், முட்லூரில் பரங்கிப்பேட்டைக்குப் பிரியும் சாலையிலிருந்து கடலின் வாடை. காற்று நேராக ரேடியேட்டருக்குள் புகுந்து போகும். முள் நடுவில் ஆணி அடித்தாற்போல் நிற்கும். அப்போது வண்டி ஓடுவதாகவே தோன்றாது. நாங்கள் அசையாமல் இருக்க, சாலை எங்களுக்கு அடியில் நழுவிப் போகிறது என்றுதான் தோன்றும். மச்சான் கையை வெளியே நீட்டிக் காற்றைத் தடவிக்கொண்டே, "மாமா, இப்படியே போய்க்கிட்டே இருக்கலாம்" என்பான். இருவருமே பெட்ரோல் முள்ளைப் பார்க்க மாட்டோம்.

அவனுக்குச் சிதம்பரத்திலேயே பெண் அமைந்தது. நிச்சயத்துக்கு என் மாமனாரையும் தாம்பூலத் தட்டுகளையும் இந்த வண்டியில்தான் ஏற்றிக்கொண்டு போனேன். உச்சி வெயில். வழியில் ரயில்வே கேட்டை மூடிவிட்டார்கள். முன்னால் லாரி, பின்னால் பஸ், நடுவில் காற்றே இல்லாமல் நாங்கள். கேட் திறக்கும் நேரத்தில் என் பானெட் திறந்திருந்தது. வெள்ளை ஆவி எழும்பி எங்களை ஒரு சாமி படக் காட்சியைப் போலச் சூழ்ந்தது. கடைசியில் மாமனார் கோழித் தீவனம் ஏற்றிப் போன ஒரு குட்டியானை வண்டியில், மூட்டைமேல் உட்கார்ந்து, மடியில் வெற்றிலைத் தட்டோடு சம்பந்தி வீட்டுக்குப் போய் இறங்கினார். சட்டையில் தவிடு.

அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. கரும்பும் மக்காச்சோளமும் போட்டு மழைக்காகக் காத்திருந்து பழகியவர். திரும்பி வந்த பிறகு, எங்கள் கூடத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார்.

"மாப்ள, ஊருக்கெல்லாம் நீங்க ஏ.சி. மாட்றீங்க. உங்க வண்டியில ஒரு மனுஷன் நிம்மதியா ஏற முடியல. இதக் குடுத்துடுங்க. வேற நல்ல வண்டியா வாங்கிக்கலாம்."

நான் வாயைத் திறக்கும் முன் மச்சான் குறுக்கே வந்தான்.

"அப்பா, என் மாப்ள அழைப்புக்கு நான் இந்த வண்டியிலதான் வருவேன்."

"நடுத்தெருவுல நின்னுச்சுன்னா?"

"நிக்காது."

மாமனார் என்னைப் பார்த்தார். "நிக்கலன்னா நான் இனிமே வாயத் தொறக்க மாட்டேன். நின்னுச்சுன்னா, மறுநாளு வித்துடணும். சரியா மாப்ள?"

"சரிங்க மாமா" என்றேன். மனைவி அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் எந்தப் பக்கம் ஜெயிக்க வேண்டும் என்ற குறிப்பே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு விஷயம் புரிகிறதா? வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றிலேயே குளிரும்படி செய்த வண்டி அது. மாப்பிள்ளை அழைப்போ நாதஸ்வரக்காரர் நடக்கிற வேகம். அதுவும் அவர் நடந்தால்தான். பையன்கள் ஆடுவதற்கு நின்று, ஆரத்திக்கு நின்று, சால்வைக்கு நின்று போகிற ஊர்வலத்தில், அதுவும் சித்திரை வெயிலில், இதைவிட மோசமான சோதனையை ஜப்பான்காரர்களே யோசித்திருக்க மாட்டார்கள். நானும் மச்சானும் கல்யாண வேலைகளை மறந்துவிட்டுக் கூலன்ட் மாற்றினோம், விசிறிகளுக்குப் புது வயர் இழுத்தோம், வண்டியை நடைவேகத்தில் எங்கள் தெருவில் மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தோம். எதிர்வீட்டுப் பெரியவர் குழம்பிப் போய், "இப்ப ரெண்டு பேருமே உள்ள போகலியா?" என்றார். முள் நடுவைத் தாண்டவில்லை. நான் வெற்றி பெற்றுவிட்டேன் என்று அன்றைக்கே நம்பினேன்.

கல்யாணம் சிதம்பரத்தில். பொழுது சாயும் வேளையில் பிள்ளையார் கோவில் வாசலில் வண்டி நின்றது. பூ அலங்காரம் செய்தவரிடம் முன்பக்கம் ஒரு பூகூட இருக்கக் கூடாது என்று கையெடுத்துக் கும்பிட்டிருந்தேன். எல்லாப் பூவும் பின்னால். முன்னால் இருந்து பார்த்தால் கார், பின்னால் இருந்து பார்த்தால் சடை தைத்த மணப்பெண். மச்சான் பட்டு வேட்டியும் சந்தனமுமாக எனக்குப் பக்கத்து இருக்கையில். பின்னால் மாமனாரும் என் மனைவியும். ரயில்வே கேட்டுக்குப் பிறகு மாமனார் கார்களைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தைக் கற்றிருந்தார்: அந்த முள் எங்கே இருக்கிறது என்பது. முன்னால் எட்டி எட்டி அதையே பார்த்தார். நான் கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்து, பக்தியாக மீட்டரின் மேல் சாய்த்து வைத்தேன். மஞ்சள் தடவிய பத்திரிகையை நகர்த்து என்று யார் சொல்வார்கள்?

மேளம் கிளம்பும் நேரத்தில் பெண்ணின் தாய்மாமன் வந்தார். ஆள் உயர மாலை. சாமந்தியும் துளசியும் வெட்டிவேரும் சேர்த்துக் கட்டியது. தோளில் போட்டு இரண்டு பேர் தூக்கிவந்தார்கள். மாப்பிள்ளைக்குத்தான் என்று நினைத்தேன். அவர் நேராகக் காரின் முகத்துக்கு வந்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, காற்று நுழையும் கிரில்லை முழுதாக மூடிக் கட்டினார். தாய்மாமன் சீர், வண்டிக்கும் மரியாதை. விசிறிகள் சுழன்றதும் மாலை உள்ளே இழுபட்டு ரேடியேட்டரின் முகத்தில் ஈரத் துணியைப் போல ஒட்டிக்கொண்டது. வருஷக்கணக்கில் நான் வாரிவிட்ட முகம்.

நான் தலையை வெளியே நீட்டினேன். "மாமா, அந்த மாலையக் கொஞ்சம் தூக்கி மேல போட்டுக்கலாமா?"

"ஏன் மாப்ள? எங்க மாலை உங்க வண்டிக்குப் பாரமா இருக்கா?"

கேட்டது சிரித்துக்கொண்டுதான். ஆனால் சுற்றி நின்ற பெண் வீட்டுக்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை. பின்னாலிருந்து மனைவி என் சட்டைக் காலரைப் பிடித்து மெதுவாக உள்ளே இழுத்தாள்.

"என்னங்க, மாப்ள அழைப்புல மாலையக் கழட்டுவாங்களா? வாய வச்சிக்கிட்டுச் சும்மா ஓட்டுங்க."

ஓட்டினேன். சும்மா என்றால் அப்படிச் சும்மா. மேல வீதியில் வண்டி நடக்கவில்லை, தவழ்ந்தது. தேருக்காகவே அகலமாகப் போட்ட அந்தத் தெருவில் வெயில் சாய்ந்து, எல்லாவற்றின் மேலும் மஞ்சள் பூசியிருந்தது. தவில் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதைப் போல இருந்தது. ஆடுகிற பையன்களின் கால்கள் தரையைத் தொடாமலே தூக்கித் தூக்கிப் போவதாகத் தோன்றியது. மாடிகளிலிருந்து குழந்தைகள் கை காட்டினார்கள். "கண்ணாடிய எறக்குங்கப்பா, மாப்ள மொகம் தெரியட்டும்!" என்று யாரோ கத்தினார்கள். கண்ணாடியை இறக்கி ஏ.சி.யை அணைத்தேன். அது ஓடினால் எஞ்சினுக்கு இன்னும் சூடு, அணைக்க ஒரு சாக்கு கிடைத்தது.

மச்சான் ஒரு விரலால் பத்திரிகையைத் தூக்கிப் பார்த்தான். உடனே கீழே விட்டான். அதன் பிறகு எனக்கு முள் தேவைப்படவில்லை, அவன் முகமே போதும்.

"மாமா" என்று உதடு அசையாமல் சொன்னான். "ஏறுது."

"எங்க?"

"ஜாஸ்தி."

கோபுரத்தின் பக்கமிருந்து புறாக்கள் எழும்பிப் போயின. அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நாளைக்கு வேறு யாரோ இந்த வண்டியில் சவுக்குத் தோப்புகளைத் தாண்டிப் போகிறார்கள். நான் டீக்கடையில் நின்று பார்க்கிறேன். பால் பொங்குகிறது. யாரும் என்னை எதுவும் கேட்பதில்லை.

கண் அந்தக் குமிழ் மேல் போனது. ஏ.சி. பட்டனுக்குப் பக்கத்தில் நீலத்திலிருந்து சிவப்புக்குப் போகும் குமிழ். ஹீட்டர். எஞ்சினைச் சுற்றிவரும் சுடுதண்ணீர்தான் அதற்குள்ளும் ஓடும். ஒரு சின்ன ரேடியேட்டர் மாதிரி, சூட்டை எஞ்சினிலிருந்து எடுத்து உட்கார்ந்திருப்பவர் முகத்தில் ஊதும். கடலூரில் அதை யார் தொடுவார்கள்? ஏ.சி. மெக்கானிக் ஒருவன் சித்திரை மாதம் சிதம்பரத்தில் ஹீட்டரைப் போட்டான் என்று வெளியே தெரிந்தால் அப்புறம் எனக்கு ஒரு காயில் கழுவக் கூடக் கூப்பிட மாட்டார்கள்.

மச்சானைப் பார்த்தேன். அவனும் குமிழைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பட்டு அங்கவஸ்திரத்தை ஒரு முறை சரி செய்துகொண்டு, மல்யுத்தத்துக்கு இறங்குகிறவனைப் போல மூச்சை இழுத்துவிட்டு, தன் கையாலேயே சிவப்பு முடியும்வரை திருகினான். நான் ஹீட்டர் விசிறியை முழு வேகத்தில் வைத்தேன்.

முதலில் தூசி வந்தது. அதன் பிறகு அடுப்புக்குள்ளிருந்து ஊதுவதைப் போல அனல். அந்த அனலுக்குள் எங்கிருந்தோ ஒரு வாசனை.

"மாமா, தைல வாசனை வருது" என்றான் மச்சான்.

வந்தது. இந்த வண்டி மலையில் கழித்த நாட்களிலிருந்து ஏதாவது ஒரு தைல மரத்து இலை உள்ளே காய்ந்து கிடந்ததோ, இல்லை சூட்டில் எங்கள் இருவர் மூளையும் கலங்கியதோ, தெரியாது. சிதம்பரத்தின் நடுவில், அனல் முகத்தில் அடிக்க, பனி மூடிய ஒரு மலைச்சாலை என் கண் முன் வளைந்து வளைந்து ஏறியது. வாழ்நாளில் நான் ஊட்டிக்குப் போனதில்லை.

"மாப்ள, ஏ.சி. போட்டிருக்கீங்களா?" என்றார் பின்னாலிருந்து மாமனார்.

"காத்து வருதுல்ல மாமா?"

"வருது. ஆனா அது..." அவர் ஒரு சொல்லைத் தேடினார். "நல்லா வெந்து வருது."

மச்சானின் சந்தனம் கன்னத்தில் இறங்கி ஓடியது. கண் மை கலங்கியது. நெற்றியிலிருந்து வழிந்த வியர்வை கண்ணில் புகுந்து கண்ணீராக வந்தது. ஆனாலும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துச் சிரித்துக்கொண்டே கும்பிட்டான். ஒரு பாட்டியம்மா பக்கத்தில் நின்றவளிடம், "பாரேன், எவ்ளோ சந்தோசம், புள்ள அழுவுது" என்றது காதில் விழுந்தது. என் மனைவி புடவைத் தலைப்பால் தன் முகத்துக்கும் அப்பாவின் முகத்துக்கும் மாறி மாறி விசிறினாள். ஒருமுறை மட்டும் முன்னால் சாய்ந்து, பத்திரிகையை நேராக நிமிர்த்தி வைத்தாள், மாமனார் பக்கம் மறையும்படி. அப்போதுதான் தெரிந்தது, அவள் எந்தப் பக்கம் என்று.

வடக்கு வீதி திரும்பும்போது மச்சான் மறுபடி விரலால் பார்த்தான். "நிக்குது" என்றான். என் நெஞ்சு நின்றது. "முள்ளு மாமா, முள்ளு. ஏறாம நிக்குது."

மண்டப வாசலில் ஆரத்தி எடுத்து முடிக்கும்வரை எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மாமனார் இறங்கினார். குளத்தில் முங்கி எழுந்தவரைப் போலச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. துண்டைப் பிழிந்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கம் வந்தார்.

"சொன்ன சொல்லு சொல்லுதான். வண்டி நிக்கல. நான் இனிமே ஒண்ணும் சொல்ல மாட்டேன்." கொஞ்சம் யோசித்தார். "ஆனா ஒண்ணு மாப்ள. என் வூட்டு ஏ.சி.யில மட்டும் நீங்க கை வைக்கக் கூடாது."

மறுநாள் தாலி கட்டி முடிந்து, மாலையைக் கழற்றலாம் என்று ஆன பிறகு, மண்டபத்துக் கொல்லையில் சீப்போடு உட்கார்ந்து தகடுகளுக்கு நடுவிலிருந்து சாமந்தி இதழ்களை வாரி எடுத்தேன். வெயில் சாயாத மதியத்திலேயே கடலூருக்குக் கிளம்பினோம். பெண்ணும் மாப்பிள்ளையும் பின் இருக்கையில், மனைவி என் பக்கத்தில். மாமனார், சொன்னபடியே ஒன்றும் சொல்லாமல், பின்னால் வேனில்.

"அக்கா, ஏதோ நல்ல வாசனை வருதுல்ல?" என்றாள் புதுப்பெண்.

"மலைக் காத்து" என்றான் மச்சான். கண்ணாடியில் என்னைப் பார்த்தான். அவன் ஊர்வலத்தில் ஆனந்தக் கண்ணீர் விட்டான் என்று அவளிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். அவன் அதைத் திருத்தவில்லை, நானும் திருத்தப் போவதில்லை.

வழியில் அதே ரயில்வே கேட் மூடியிருந்தது. அதே வெயில். முன்னால் லாரி. விசிறிகள் சுழலும் சத்தம் மட்டும். பின்னால் வேன் கதவு திறக்கும் ஓசை கேட்டது. மாமனார் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எங்களைத் தாண்டி முன்னால் போனார். எங்களைப் பார்க்கவில்லை. பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். சட்டென்று எடுத்துக்கொண்டார். வெயிலில் நிற்கிற எந்த வண்டியும் அப்படித்தான் சுடும். டிராக்டர் வைத்திருக்கும் அவருக்கு அது தெரியாததா.

பிறகு என் ஜன்னல் பக்கம் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். பத்திரிகை இல்லை. முள் நடுவில் நின்றது.

"ம்" என்றார்.

தூரத்தில் ரயில் கூவியது. அவர் வேனுக்குத் திரும்பி நடந்தார். ரயில் போய், கேட் மெல்ல எழும்பி, லாரி அசைந்து, சவுக்குத் தோப்புப் பக்கமிருந்து முதல் காற்று ரேடியேட்டருக்குள் புகும் அந்த நிமிடத்துக்காக நாங்கள் நாலு பேரும், புதுப்பெண் உட்பட, காத்திருந்தோம்.